ஒரே ஓடை, பத்தடிக்குள் வேறு வேறு பூச்சிகள். ஏன்?

மலையோரம்:
தென்காசிப் பக்கம் மலையடிவாரக் காட்டில் ஒரு சின்ன ஓடை, முழங்கால் அளவுதான் தண்ணீர். வேகமாக ஓடுகிற இடத்தில் ஒரு கல்லைப் புரட்டினால், அடியில் தட்டையான பூச்சிகள் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடி ஒளிகின்றன, வாலில் மூன்று இழை. பக்கத்தில் மணலை ஒட்டிச் செய்த மாதிரி ஒரு குழாய், அரிசி நீளம்கூட இல்லை, அது மெல்ல நகர்கிறது! பத்தடி தள்ளித் தேங்கின இடத்தில் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. சருகைக் கிளறினால் தும்பியின் இளம்பூச்சியும் குட்டி நண்டும்தான். கல்லூரி புராஜெக்ட்டுக்கு இதை எடுக்கலாமா?

கூழாங்கல்:
தாராளமாக எடுங்கள். மூன்று வால் உள்ளது மேஃபிளையின் இளம்பூச்சி. உடம்பு தட்டையாக இருப்பதால் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும், அங்கே ஓட்டத்தின் வேகம் குறைவு. வயிற்றின் இரு பக்கமும் இலை மாதிரி செவுள் இருக்கும், பாருங்கள். அந்த மணல் குழாய் கேடிஸ்ஃபிளை லார்வாவின் வீடு, வாயிலிருந்து வருகிற பட்டிழையால் ஒவ்வொரு மணலாக ஒட்டிக் கட்டுகிறது. இன்னும் சில வகை வீடு கட்டாது, கல்லிடுக்கில் வலை விரித்து ஓட்டத்தில் வருவதை வடித்துத் தின்னும். தேங்கின இடத்தில் வலைக்கு வேலையில்லை, வண்டல் படிந்து கல்லிடுக்கும் அடைத்துப்போகும். தண்ணீர் ஒன்றானாலும் தரை வேறு.

இரண்டு வால் இருந்தால் உடனே ஸ்டோன்ஃபிளை (கல்லடியில் வாழும் இன்னொரு ஓடைப்பூச்சி, அதன் இளம்பூச்சிக்கு இரண்டு வால்) என்று எழுதிவிடாதீர்கள், மேஃபிளையிலும் இரண்டு வால் வகை உண்டு. கால் நுனியைப் பாருங்கள்: மேஃபிளைக்கு ஒரு நகம், ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு.

வலைத்தட்டு:
ஓட்டம், தேக்கம், சருகு மூன்றிலும் தனித்தனியாக எடுங்கள், தயவுசெய்து ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், கலந்தால் உங்கள் கேள்விக்கான பதிலே போய்விடும். ஒரு சதுர அடிச் சட்டம் வைத்த சர்பர் வலை போதும், ஆனால் அது ஓடுகிற தண்ணீரில்தான் வேலை செய்யும், தேக்கத்துக்குக் கைவலை. மழை வெள்ளம் தரையையே அரித்துக்கொண்டு போகும், அதனால் தண்ணீர் தெளிந்து சில வாரம் கழித்துப் போங்கள். அப்புறம், பிஎம்டபிள்யூபி மதிப்பெண் போடச் சொல்வார்கள், கிடைத்த பூச்சி வகைகளை வைத்துத் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று கணிக்கிற முறை அது, அசுத்தம் தாங்காத வகைக்கு அதிக மதிப்பெண். ஸ்டோன்ஃபிளையில் பெரும்பாலான குடும்பங்களுக்கு 10, கைரோனமிட் புழுவுக்கு (கொசு மாதிரி இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் லார்வா) 2, மண்புழு இனத்துக்கு 1. அது பிரிட்டனின் ஆறுகளுக்காக வகுத்தது, நம் காட்டோடைக்கு அப்படியே போட்டுவிட்டு முடிவு எழுதுவது சரியில்லை. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி முதலில். புரட்டின கல்லை அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

ஆற்றோரத்தான்:
முடிந்தால் ஊருக்குக் கீழேயும் ஒரு இடம் சேருங்கள். எங்கள் ஊர் ஓடையில் கரை மரங்களை வெட்டி, துணி துவைக்கிற இடமும் ஆன பிறகு, கல்லைத் தூக்கினால் சிவப்புப் புழு, அதாவது அந்தக் கைரோனமிட் புழு, மட்டும்தான். அதன் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கிறது. சின்ன வயதில் அதே இடத்தில் மணல் குழாய்களை நானே உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

மலையோரம்:
ரொம்ப நன்றி. எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒன்றுக்கு இரண்டு வால், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம்!