கொடிசியாவுக்குள் நீங்கள் எதற்காகப் போனீர்கள்?

கணபதி பட்டறைக்காரன்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன், "கொடிசியான்னா மாநாட்டு மண்டபமாங்ண்ணா?" என்று கேட்டான். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. முதலில் அது ஒரு சங்கம். கோவை மாவட்டச் சிறுதொழில்காரர்கள் 1969-இல் தொடங்கியது. என்னை மாதிரி ரெண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின் வைத்திருக்கிற ஆட்களும் உள்ள சங்கம், ஏர்போர்ட் பக்கத்தில் அத்தனை பெரிய கண்காட்சி வளாகத்தைக் கட்டியது. கடைசியில் சங்கத்தின் பேர் கட்டடத்துக்கு ஒட்டிக்கொண்டது.

நான் முதலில் ஸ்டால் போட்டது இண்டெக்கில். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் மெஷின் கண்காட்சி. மூன்றுக்கு மூன்று மீட்டர் இடம். அதற்கே ரெண்டு மாச ஜாப் ஒர்க் காசு போய்விட்டது. முந்தின ராத்திரி லாரி வரவில்லை. "இதோ வந்துட்டே இருக்குதுங்க" என்று பதினோரு மணி வரை சொன்னார்கள். வந்து சேர்ந்தபோது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். பக்கத்து ஸ்டால் ராஜ்கோட்காரர் தன் ஆட்களை அனுப்பினார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. குழாய்த் துண்டுகளை அடியில் கொடுத்து, "ஐலேசா" போட்டு உருட்டினோம். நடுவில் தூண் இல்லாத ஹால் என்பதன் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது, எங்கேயும் திருப்ப வேண்டியதில்லை. விடிகாலை நாலு மணிக்கு லெவல் பார்த்து, கூலன்ட் ஊற்றி, ஒரு வெட்டு ஓட்டினேன். பிசிறு சுருள் சுருளாக விழுந்தது. அப்புறம்தான் டீ.

ஆர்டர் வந்ததா என்று கேட்காதீர்கள்.

பொள்ளாச்சி டீச்சர்

நான் போனது 2010 ஜூனில், செம்மொழி மாநாட்டுக்கு. 23 முதல் 27 வரை ஐந்து நாள். குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் தொடங்கி வைத்தார். அவிநாசி ரோட்டில் அலங்கார ஊர்திகள் போன அன்று கூட்டத்தில் என் ஒரு கால் செருப்பு போனது. மற்றதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

சிந்துவெளி எழுத்துகளை ஆராய்ந்த பின்லாந்துக்காரர் அஸ்கோ பர்போலாவுக்குப் பத்து லட்சம் ரூபாய் விருது கொடுத்தார்கள். ஆனால் என் மனதில் நின்றது கூடவே நடந்த தமிழ் இணைய மாநாடுதான். அதுவரை எங்கள் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் இன்னொன்றில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். அது எழுத்தின் வடிவத்தில், அதாவது எழுத்துருவில், உள்ள கோளாறு இல்லை, எந்த எழுத்துக்கு எந்த எண் என்கிற குறியீட்டுக் கோளாறு என்று அங்கேதான் புரிந்தது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு என்ற சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்து தலைமையாசிரியரிடம் காட்டினேன். "சரி, பார்க்கலாம்" என்றார்.

காங்கயம் தோட்டத்துக்காரன்

அக்ரி இண்டெக்ஸ் என்கிற விவசாயக் கண்காட்சி, ஜூலை மாசம். களையெடுக்கிற மெஷின் பார்க்கப் போய், தென்னை ஏறும் கருவி வாங்கி வந்தேன். மரம் ஏற ஆள் கிடைப்பதில்லையே. வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்: "மெஷின் இருக்குது, ஏறுற ஆள் எங்கீங்க?"

சிங்காநல்லூர் ஃபிட்டர்

அண்ணா, நீங்கள் மெஷின் உருட்டின அதே ஹாலில் நான் படுத்திருந்தேன். 2020, கொரோனா. அறிகுறி லேசாக இருந்தவர்களுக்கு அதைச் சிகிச்சை மையமாக்கியிருந்தார்கள். வரிசை வரிசையாகக் கட்டில். எத்தனையோ கண்காட்சிக்கு அங்கே தட்டி அடித்து, வயர் இழுத்திருக்கிறேன். ஒரு தடவையும் மேலே அண்ணாந்து பார்த்ததில்லை. பத்து நாளும் அந்தக் கூரையைத்தான் பார்த்துக் கிடந்தேன். கண்காட்சியில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. அங்கே ராத்திரி யாராவது கடைசி வரிசையில் இருமினால் எல்லாரும் தலையைத் தூக்குவோம்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், சுண்ணாம்புக்கட்டியால் ஸ்டால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். கூட வந்த பையன், "என்னங்ண்ணா, அளவு தப்பா?" என்றான்.

கணபதி பட்டறைக்காரன்

தம்பி, அடுத்த இண்டெக்குக்கு வயர் இழுக்க வந்தால் நம்ம ஸ்டாலுக்கு வாங்க. ராஜ்கோட்காரரும் வருகிறேன் என்றிருக்கிறார். இந்தத் தடவை லாரியை மத்தியானமே வரச் சொல்லிவிட்டேன்.