பக்கத்து மனை நான்கடி உயர்ந்தது, தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வந்தது

மடிப்பாக்கம்வாசி:

மழைநீர் வடிகால் பற்றி எல்லோரும் எழுதுவதைப் படித்தேன். எங்களுக்கு நடந்ததையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு 2009-இல் கட்டியது. அப்போது மடிப்பாக்கம் ஊராட்சி, 2011-இல்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2015 டிசம்பரில் ஊரே மூழ்கியபோதுகூட எங்கள் வாசலில் இரண்டு படிதான் நனைந்தது. நம் தெரு மேடு என்று நிம்மதியாக இருந்தோம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று காலையில் முதலில் குளியலறைக் குழாய்க்குள்ளிருந்து குபுகுபு என்று சத்தம் வந்தது. தெருவில் தண்ணீர் முழங்கால் உயரம்கூட இல்லை, ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் கூடத்தில் தொடையளவு. அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றினோம். மூன்று நாள் வடியவில்லை. சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, இரண்டு முறை வண்ணம் அடித்தும் உப்புப் பூத்து வெளியே வருகிறது.

நடுவில் என்ன மாறியது? எங்களுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஒன்றரை ஏக்கரில் அடுக்குமாடி வந்தது. லாரி லாரியாக மண் கொட்டி நான்கடி உயர்த்தினார்கள். அதை முறைகேடு என்றுதான் நினைத்தேன், இல்லை. நீர்நிலைக்கு அருகிலோ தாழ்வான இடத்திலோ பெரிய கட்டடம் கட்டும்போது நீர்வளத் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அதில் மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்பதை எழுதியே கொடுப்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டு அந்தச் சான்றின் நகலை வாங்கிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மண் நிரப்பச் சொன்ன வரிக்குக் கீழேயே வேறு நிபந்தனைகளும் இருக்கின்றன: மனையைச் சுற்றி வடிகால் கட்டி வாய்க்காலில் சேர்க்க வேண்டும், வாய்க்காலின் அகலம் குறையக்கூடாது, கட்டட இடிபாடுகளை அதில் கொட்டக்கூடாது. மண் நிரப்பும் நிபந்தனை முழுசாக நிறைவேறியது. வடிகால் வரைபடத்தில் நீல நிறக் கோடாக இருக்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன், அந்தக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் சிமென்ட் தளம், அதன் மேல் பதினாறு பைக். மதில் மூலையில் ஒரு குழாய் மண்ணுக்குள்ளேயே முடிகிறது.

அந்தக் குடியிருப்பில் இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சங்கச் செயலாளரிடம் நகலைக் காட்டினேன். "சார், வீடு வாங்கும்போது இந்தத் தாளை எங்களுக்கு யாருமே காட்டவில்லை" என்றார். உண்மைதான். பத்திரம், வில்லங்கம், வங்கி வக்கீல் கருத்து எல்லாம் பார்ப்போம், இதை யார் கேட்கிறோம்? இப்போது கேளுங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் தடையில்லாச் சான்றின் நிபந்தனைப் பக்கத்தையும் கையில் வாங்கிக்கொண்டு, வரைபடத்தில் உள்ள வடிகால் தரையிலும் இருக்கிறதா என்று நடந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அப்புறம் எங்கள் சர்வே எண்ணின் புலப்படத்தையும், அதாவது நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடத்தையும், எடுத்தேன். பின்பக்கம் வாய்க்கால் பன்னிரண்டு அடி அகலம் என்று வருகிறது. இன்று மூன்றடி. நெரித்ததில் அந்த அடுக்குமாடி ஒரு பங்கு, எங்கள் தெருக்காரர்களின் கழிவுநீர்த் தொட்டிகளும் மதில்களும் இன்னொரு பங்கு. இதைத் தெருக் கூட்டத்தில் சொன்னபோது இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சொல்லாமல் எப்படி இருப்பது? கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு, பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடல். இந்தப் பக்கத்து மழைநீருக்கெல்லாம் கடைசியில் சதுப்புநிலம்தான் போக்கிடம். நடுவில் எங்கே அடைத்தாலும் தண்ணீர் வரும் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்குள் தெரியும்.

ஆறேழு மனுக்களுக்குப் பிறகு ஒரு பொறியாளர் வரைபடத்தோடு நேரில் வந்தார். பைக் நிறுத்துமிடத்தில் அறுபது அடி நீளத்துக்குத் தளத்தை உடைத்து வடிகாலைத் திறந்திருக்கிறார்கள். மீதி இன்னும் மூடித்தான் கிடக்கிறது.

கே.கே.நகர் 2ஆவது மாடி:

சார், படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் பக்கம் பிரச்சினை வேறு. எங்கள் குடியிருப்பு பழசு, 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது அவசரமாக ஒரு குழி தோண்டி ஜல்லி போட்டார்கள். அதற்குப் பிறகு இருபது வருடம் யாரும் மூடியைத் திறக்கவில்லை. போன செப்டம்பரில் திறந்தால் உள்ளே ஜல்லியே தெரியவில்லை, மேலே ஒரு முழம் கெட்டிச் சேறு. மொட்டைமாடித் தண்ணீர் மொத்தமும் குழியில் இறங்காமல் தெருவுக்குத்தான் போயிருக்கிறது. சேற்றை எடுத்து, ஜல்லியைக் கழுவித் திரும்பப் போட்டு, ஒரு குழாயைப் பழைய கிணற்றுக்குத் திருப்பினோம். இந்த மழையில் கிணற்றில் ஆறு உறை ஏறியது. தெரு வடிகாலைத் தூர்வார வந்தவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: மதிலுக்கு அடியில் ஒரு நாலு அங்குலக் குழாய் வழியாக எங்கள் சமையலறைக் கழிவு நேராக மழைநீர் வடிகாலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பாறை போல உறைந்து பாதி வடிகாலை அடைத்திருந்தது. அந்தக் குழாயை அன்றைக்கே அடைத்துவிட்டோம்.

உங்கள் புலப்படத்தை எங்கே எடுத்தீர்கள்?

மடிப்பாக்கம்வாசி:

தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில், பட்டா பார்க்கிற அதே இடத்தில்தான். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் வரும். உட்பிரிவு எண் மாறியிருந்தால் பழைய பத்திரத்தில் உள்ள எண்ணைப் போட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் நில அளவைப் பிரிவில் கேளுங்கள். குழாயை அடைத்தது நல்ல காரியம், கழிவுநீர் இணைப்பை முறைப்படி வாங்கிவிட்டீர்களா?




கே.கே.நகர் 2ஆவது மாடி:

விண்ணப்பம் கொடுத்தாயிற்று சார், அடுத்த வாரம் இடம் பார்க்க வருகிறார்கள்.