60 பேர், ஒரு சனிக்கிழமை, ஒரு எல்பி ஸ்கூல்: என்ன வேலை கொடுக்கலாம்?

எல்லைக்கோடு:
பாலக்காடு கஞ்சிக்கோட்டுல நடுத்தர ஃபேக்டரி, ஹெச்ஆர் பொறுப்பு எனக்கு. டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை ஊழியர்களை வெச்சு சமூக சேவை நாள் நடத்தச் சொல்லியிருக்காங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் உள்ள ஒரு எல்பி ஸ்கூல் (தொடக்கப்பள்ளி) பார்த்து வெச்சிருக்கோம். திட்டம்: மூணு கிளாஸ் ரூமுக்குப் பெயிண்ட், மதில் ஓரம் 100 மரக்கன்று, பிள்ளைகளுக்குத் தமிழ் கைடு. வர்றவங்க சுமார் 60 பேர். அன்னிக்கு அவங்களுக்குக் கொடுக்கற சம்பளத்தை சிஎஸ்ஆர் (கம்பெனியோட சமூகப் பொறுப்பு) செலவுல காட்டலாம்னு அக்கவுன்ட்ஸ்ல சொல்றாங்க. சரிதானுங்களா? வேற எதைக் கவனிக்கணும்?

சுண்ணாம்பு வாளி:
பெயிண்ட் பத்தி மட்டும் சொல்றேன். ஒரே நாள்ல முடிக்கற வேலை இல்லைங்க இது. முதல்ல சுவத்துல உள்ளங்கைய வெச்சுத் தேச்சுப் பாருங்க. கையில வெள்ளைப் பொடி ஒட்டினா பழைய சுண்ணாம்பு பொரிஞ்சு நிக்குதுன்னு அர்த்தம். அது மேல எமல்ஷன் அடிச்சா அடுத்த மழைக்குள்ள அப்பளமா உரிஞ்சு விழும். சுரண்டி, தண்ணி விட்டுக் கழுவி, காயவெச்சு, ஓட்டை விரிசலுக்குப் பட்டி போட்டு, பிரைமர் அடிச்சிருக்கணும். இதெல்லாம் உள்ளூர் பெயிண்டர் ரெண்டு பேரை வெச்சு, உங்க ஆளுங்க வர்றதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே முடிச்சிடுங்க. தரையில இருந்து ரெண்டு மூணடி உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தா பெயிண்டே வேண்டாம், முதல்ல கூரைத்தண்ணி எங்க விழுதுன்னு பாருங்க.

அளவு: 20க்கு 20 அடி ரூம், 10 அடி உயரம்னா ஜன்னல் கதவு போக 680 சதுர அடி வரும். ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 55 சதுர அடின்னு வெச்சா ரூமுக்கு 12, 13 லிட்டர். மூணு ரூமுக்கு 20 லிட்டர் வாளி ரெண்டு. பிரைமர் ஒரு கோட்டுக்கு ஒரு 20 லிட்டர் வாளியும் ஒரு 4 லிட்டர் டப்பாவும். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நாலு மணி நேரம் விடணும். காலைல எட்டரைக்கு ரோலர் எடுத்தாத்தான் சாயங்காலம் முடியும். டிசம்பர்ல பாலக்காட்டுக் கணவாய்க் காத்து கிழக்கே இருந்து வறட்டுத்தனமா அடிக்கும். பெயிண்ட் சீக்கிரம் காஞ்சு ரோலர் தடம் தெரியும். அதனால ஒரு சுவரை ஆரம்பிச்சா பாதியில நிறுத்தாம முடிச்சுட்டுத்தான் டீ.

ஒரு ரூமுக்கு ஆறு பேர் போதும்: ரோலர் ரெண்டு, ஓரம் வெட்ட பிரஷ் ரெண்டு, டேப் ஒட்ட ஒண்ணு, ஏணி பிடிக்க ஒண்ணு. அதுக்கு மேல நின்னா ஒருத்தர் முதுகுல ஒருத்தர் பெயிண்ட் பூசுவாங்க. ஆறடிக்கு மேல ஏணி வேலையைப் பெயிண்டருக்கு விட்டுடுங்க.

ஜன்னல் கதவுல இருக்கற பழைய எனாமலை வறட்டு சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்க்க விடாதீங்க. வீட்டுப் பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல கூடாதுங்கற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. அதுக்கு முந்தின பெயிண்டா இருந்தா அந்தத் தூசி பிள்ளைங்க பெஞ்சுலதான் படியும். தண்ணி தொட்டுத் தேய்ங்க. ரோலர் கழுவற தண்ணியைக் கிணத்துப் பக்கம் ஊத்த வேண்டாம். பல ஸ்கூல்ல குடிதண்ணியே அந்தக் கிணறுதான்.

பேரேடு:
சம்பளத்தைக் காட்ட முடியாது. கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 25 சுற்றறிக்கையில இதுக்கு நேரா பதில் சொல்லியிருக்கு: ஊழியர் பங்கெடுக்கறதை ஊக்கப்படுத்தலாம், அவங்க நேரத்தைப் பணமாக்கி சிஎஸ்ஆர் செலவுல சேர்க்கக் கூடாது. பள்ளிக்கு வாங்கற பெயிண்ட், பெயிண்டர் கூலி இதையெல்லாம் கல்வித் திட்டத்தோட பகுதியா போர்டு ஒப்புதலோட காட்டலாம். டி-ஷர்ட், பேனர், உங்க ஆளுங்க சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு. நிர்வாகச் செலவுன்னு திணிக்கலாம்னு யாராவது சொன்னா, அதுக்கு அந்த வருஷ மொத்த சிஎஸ்ஆர் செலவுல 5 சதவீதம்தான் உச்சவரம்பு, அதுவும் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தற பொதுச் செலவுக்குத்தான்.

அதுக்கும் முன்னாடி, உங்க கம்பெனி, சிஎஸ்ஆரைக் கட்டாயமாக்கற கம்பெனிகள் சட்டப் பிரிவு 135க்குள்ள வருதான்னு பாருங்க. முந்தின நிதியாண்டுல நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணை எட்டியிருக்கணும். எட்டலைன்னா சிஎஸ்ஆர் கட்டாயமே இல்லை, இந்தக் கேள்வியும் இல்லை.

அனுமதி விஷயம்: கேரளாவுல கிராமப்புற அரசு எல்பி, யுபி (நடுநிலை) ஸ்கூல் பொதுவா கிராம பஞ்சாயத்து பொறுப்புல. ஹெச்எம், பிடிஏ ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டு பஞ்சாயத்துக்கு எழுத்துல கொடுத்து, ஏஇஓ (உதவிக் கல்வி அலுவலர்) ஆபீசுக்கு ஒரு நகல் வைங்க. எய்டட் ஸ்கூலா இருந்தா மேனேஜர் கையெழுத்து வேணும். ஹெச்எம் வாய்வார்த்தையா சரின்னு சொன்னதை நம்பி வாளியைத் தூக்கிட்டுப் போகாதீங்க.

பனங்கருக்கு:
டிசம்பர்ல மரக்கன்று நடாதீங்க. கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி எல்லாம் மழை மறைவுப் பகுதி. பாலக்காடுன்னா எங்கயும் மழை கொட்டும்னு நெனச்சுக்கறாங்க, சித்தூர் கிழக்கே அப்படி இல்லை. தை மாசம் தொட்டு வைகாசி வரைக்கும் யாரு தண்ணி ஊத்துவாங்க? ஏப்ரல், மே ஸ்கூல் லீவு வேற. ஜூன்ல நடுங்க, 100 வேண்டாம், 15 போதும். ரெண்டடி குழி, வேலி, தண்ணிக்கு ஆள் பேர் எழுதின பட்டியல், மூணும் இருந்தாத்தான் நடணும்.

நம்ம மண்ணுக்குப் பனைதான் தோது. ஆனா பழம் விழற ஆவணி, புரட்டாசியில விதை பொறுக்கி அந்தந்த எடத்துலயே ஊனணும். முளை நேரா ஆழத்துக்கு இறங்கிடும், பையில வளத்துப் பிடுங்கி நட்டா வராது. எட்டுப் பத்தடி இடைவெளி. ஸ்கூல் மதில் ஓரமும் கரன்ட் கம்பிக்குக் கீழயும் கூடாது. ஏரிக்கரையும் வாய்க்கால் வரப்பும்தான் அதுக்கு எடம்.

கைடு வாங்கறதுக்கு முன்னாடி நில்லுங்க. ஸ்கூல் தமிழ் மீடியம்னாலும் பாடத்திட்டம் கேரள அரசோட எஸ்சிஇஆர்டி போட்டது. பொள்ளாச்சியில வாங்கற சமச்சீர் கைடு ஒரு பக்கம்கூட உதவாது. தமிழ்க் கதைப் புத்தகமா வாங்கிக் கொடுங்க, அது எந்தப் பாடத்திட்டத்துக்கும் ஆகும்.

குப்பை: பெயிண்ட் வாளி, டேப், பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் எண்ணிப் பிரிச்சு அங்கேயே ஹரித கர்ம சேனாகிட்ட (உள்ளாட்சியோட குப்பை சேகரிக்கற குழு) ஒப்படைங்க. கம்பெனி வண்டியில ஏத்தி வாளையார் தாண்டிட்டா கேரளக் குப்பை தமிழ்நாட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு அடுத்த நாள் பேப்பர்ல வரும். சாப்பாட்டைப் பக்கத்துக் குடும்பஸ்ரீ (பெண்கள் சுய உதவிக் குழு) யூனிட்ல சொல்லி ஸ்டீல் தட்டுல போடுங்க. ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்கு கேரளாவுல 2020 ஜனவரி 1ல இருந்தே தடை.

எல்லைக்கோடு:
நன்றிங்க. மரமும் கைடும் திட்டத்துல இருந்து எடுத்தாச்சு. பெயிண்டுக்கு 18 பேர் போனா மீதி 42 பேரை என்ன பண்றது? நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்றேன்னு சில பேர் கேக்கறாங்க.

சுண்ணாம்பு வாளி:
42 பேருக்கு வேலை தேடாதீங்க, ஆளைக் குறைங்க. 30 பேர் இந்த வாட்டி, மீதிப் பேர் ஜூன்ல. 18 போக 12 பேர்ல எட்டுப் பேர் பெஞ்சு டெஸ்க் பாக்கட்டும்: ஆடற மூட்டுல பழைய ஆணியைப் பிடுங்கி ஃபெவிகால் விட்டு ஒன்றரை இஞ்சு ஸ்க்ரூ, 80 நம்பர் சாண்ட்பேப்பர் போட்டு அப்புறம் 120. பசை இறுக ஒரு நாள் ஆகும், யாரும் உக்காரக் கூடாது. இதுக்காகவும் சொல்றேன், கிறிஸ்மஸ் லீவுல வைங்க, திங்கக்கிழமை பிள்ளைங்க வந்து உக்காரும்ங்கற அவசரம் இருக்காது. மீதி நாலு பேர் லைப்ரரி புத்தகம் கிளாஸ் வாரியா பிரிச்சு அட்டை போடட்டும். ஃபேன், ஸ்விட்ச் பக்கம் யாரையும் விடாதீங்க, அது லைசன்ஸ் உள்ள வயர்மேன் வேலை.

நைட் ஷிஃப்ட் முடிச்சவங்க வேண்டவே வேண்டாம், எவ்வளவு ஆசையா கேட்டாலும். ஏணியில இருந்து விழுந்தா அது வேலை நேர விபத்தா இல்லையான்னு இஎஸ்ஐல இழுபறி ஆகும். வர்ற எல்லாருக்கும் ஒரு நாள் குரூப் ஆக்சிடென்ட் பாலிசி தனியா எடுத்துடுங்க. வராதவங்க பேரை நோட்டீஸ் போர்டுல போடறது, வருகைப் பதிவு எடுக்கறது ரெண்டும் கூடாது. யூனியன் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே நிறுத்திடுங்க.

இன்னொண்ணு, ஹெச்எம்கிட்ட "பெயிண்ட் வேணுமா"ன்னு கேக்காம "என்ன வேணும்"னு கேட்டீங்களா? பெயிண்ட் போட்டோவுல நல்லா வரும், அதனாலதான் எல்லாக் கம்பெனியும் ரோலரோட வந்து நிக்குது. பெரும்பாலும் அங்க குறை டாய்லெட் குழாயும் ஓவர்ஹெட் டேங்கும்தான். அப்படின்னா ஒரு ரூம் பெயிண்டைக் குறைச்சு அந்தக் காசுல பிளம்பரை அனுப்புங்க.