தள்ளுபடி அங்காடியில் பலசரக்கு: வாங்கியவர்கள் பகிரும் அனுபவங்கள்

பள்ளத்தூர் மகள்

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது நடந்த ஒன்று இன்னும் என் மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. வீட்டில் முப்பது பேருக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைக்க வேண்டியிருந்தது. சாமான் வாங்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டு, காரைக்குடியில் ஒரு தள்ளுபடி அங்காடிக்குப் போனேன். பட்டை, கிராம்பு, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, கல்பாசி எல்லாம் சேர்ந்த 100 கிராம் கலவைப் பொட்டலம் அங்கே இருந்தது. வழக்கமான கடையில் தனித்தனியாக வாங்கினால் ஆகும் தொகையில் பாதிதான் விலை. இரண்டு எடுத்துக்கொண்டேன்.

கல்பாசி காய்ந்த எண்ணெயில் விழுந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டில் தாளித்தால் வாசல் பக்கத்து முகப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வாசனை வந்துவிடும். அன்று அடுப்பின் மேல் குனிந்து நின்ற எனக்கே எண்ணெய் வாடைதான் வந்தது. அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) பொட்டலத்திலிருந்து ஒரு கல்பாசித் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். அது அடுப்புச் சாம்பலைப் போல உதிர்ந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, “இதில் ஒன்றுமே இல்லையே ஆத்தா” என்றார். பிறகு மிளகையும் சோம்பையும் கூட்டி அரைத்துவிட்டு எப்படியோ சமாளித்தோம்.

அப்பத்தா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “இன்றைக்குக் குழம்பு யார் வைத்தது?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணமிண்டி, “நான்தான்” என்று சொல்லிவிட்டார். இருபது ஆண்டுகளாக அந்த வீட்டில் குழம்பு வைத்துப் பெயர் வாங்கியவர், நான் மிச்சம் பிடித்த பணத்துக்காக அந்தப் பெயரை ஒரு வேளையில் இழந்து நின்றார்.

புதுவயல் கணக்கர்

மேலே எழுதியவருடைய வருத்தம் புரிகிறது. என்னை உறுத்துவது, பேச வேண்டிய இடத்தில் பேசாமல் வந்துவிட்டது.

அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தள்ளுபடி அங்காடியில், அரிசி மூட்டைகள் அடுக்கிய இடத்தில் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். ஒரே ஆலை, ஒரே ரகம், இரண்டு அளவுகள். 25 கிலோ மூட்டை 1,470 ரூபாய். 26 கிலோ மூட்டை 1,456 ரூபாய். அவர் இரண்டு விலைச் சீட்டுகளையும் மாறி மாறிப் படித்துவிட்டு, உடன் வந்த பேரனிடம், “ஒரு கிலோ கூட இருக்கிற மூட்டைக்கு எப்படிப்பா விலை குறையும்? இது பழைய அரிசியாகத்தான் இருக்கும்” என்று சொல்லி, 25 கிலோ மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றச் சொன்னார்.

காரணம் எனக்குத் தெரியும். 2022 ஜூலை 18 முதல், பெயர்ச்சீட்டு ஒட்டிப் பொதிந்து விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. அதனால்தான் ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கின. கிலோ 56 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 கிலோவுக்கு 1,400 ரூபாயும், அதன் மேல் வரி 70 ரூபாயும் ஆகிறது. 26 கிலோவுக்கு 1,456 ரூபாயோடு முடிந்துவிடுகிறது. அரிசி ஒன்றேதான். தெரியாத பெண்மணியிடம் போய் எப்படிப் பேசுவது என்ற தயக்கத்தில் நான் பருப்பு வரிசையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்ததைப் பார்த்த பிறகுதான், பதினான்கு ரூபாயும் ஒரு கிலோ அரிசியும் அவருக்கு என்ன பொருள் தரும் என்பது எனக்கு உறைத்தது.

செக்காலை ஆசிரியை

என் அனுபவம் சிறியது. எங்கள் வீட்டு எண்ணெய்த் தூக்கில் ஒரு லிட்டர் ஊற்றினால் கழுத்து வளையம் வரை நிற்கும். என் மாமியார் காலத்திலிருந்து அதுதான் அளவு. அங்காடியில் 136 ரூபாய்க்குச் சூரியகாந்தி எண்ணெய் வாங்கி வந்து ஊற்றியபோது, எண்ணெய் வளையத்துக்கு இரண்டு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. உறையை எடுத்துப் படித்தால் 850 மில்லி. பக்கத்திலேயே ஒரு லிட்டர் உறை 152 ரூபாய்க்கு இருந்தது. நான்தான் விலை கூடுதல் என்று ஒதுக்கியிருந்தேன். கணக்குப் போட்டால் நான் வாங்கியது லிட்டர் 160 ரூபாய்.

ஆகவே எல்லாருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அலமாரியில் பெரிய எழுத்தில் தொங்கும் விலையைப் பார்க்காமல், உறையின் மேல் சிறிய எழுத்தில் இருக்கும் அலகு விலையைப் பாருங்கள். சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலத்தில் கிராமுக்கு எவ்வளவு என்றும், அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கு எவ்வளவு என்றும் அச்சிட வேண்டும். எண்ணெய் போன்றவற்றுக்கு மில்லி லிட்டரும் லிட்டரும் அதே முறையில் வரும். அந்த எண் அதிகபட்ச விலையை வைத்துப் போட்டது என்பதால், தள்ளுபடி விலைக்கு நீங்களே ஒருமுறை வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் இன்னொரு குழப்பமும் உண்டு: ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் எடை நிற்கும். ஒரு உறையில் 900 கிராம் என்றும் மற்றொன்றில் 900 மில்லி என்றும் இருந்தால், இரண்டும் ஒன்றல்ல. கிராமில் சொன்னதில்தான் எண்ணெய் கூடுதலாக இருக்கிறது.

அலமாரியின் முன்வரிசையிலிருந்து எடுக்காதீர்கள். முதலில் வந்த சரக்கை முன்னால் நகர்த்தி, புதிதாக வந்ததைப் பின்னால் அடுக்குவதுதான் அங்காடிகளின் வழக்கம். மாவு, ரவை, நெய் போன்றவற்றைக் கையைப் பின்னே விட்டு எடுத்துத் தேதியைப் பாருங்கள். மிளகு மலிவாகக் கிடைத்தால் வீட்டில் ஒரு கிண்ணம் தண்ணீரில் சில மணிகளைப் போடுங்கள். நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண் இல்லாத பொட்டலத்தை எடுக்கவே வேண்டாம். பள்ளத்தூர்ச் சகோதரி இவற்றில் தேதியை மட்டுமாவது பார்த்திருந்தால் அந்தப் பொட்டலத்தை வாங்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

தேவகோட்டை மளிகைக்காரர்

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் தேவைக்கு மேல் வாங்குவதும் நட்டம்தான் என்பதை உங்கள் கணக்கு சொல்லவில்லை.

எங்கள் கடைக்கு என் தகப்பனார் காலத்திலிருந்து வரும் ஒரு குடும்பம் உண்டு. சென்ற மாதம் அந்த வீட்டு ஆச்சி ஒரு பெரிய அங்காடியின் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைப்படியில் நின்றார். பையை முந்தானையால் மறைத்துக்கொண்டுதான் நின்றார்; அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “பத்து ரூபாய்க்குக் கசகசா கொடுப்பா, அங்கே 100 கிராம் பொட்டலமாகத்தான் இருக்கிறது” என்றார். தராசில் நிறுத்து, மடித்துக் கொடுத்தேன். மாதச் சாமான் முழுவதும் அங்கே. பத்து ரூபாய்க் கசகசா இங்கே. எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் அன்று முழுவதும் வேலை ஓடவில்லை.

குருமாவுக்கு ஒரு தேக்கரண்டி கசகசா போதும். 100 கிராம் வாங்கினால் மிச்சம் அலமாரியில் கிடந்து சிக்கு வாடை அடித்துப் போகும். மராட்டி மொக்கும் ஜாதிக்காயும் அப்படித்தான். பட்டியலில் மிச்சம், பாட்டிலில் வீண். விலைக் குறைவைத் தேடுபவர்கள் ரேஷன் கடையை ஏன் மறந்துவிடுகிறார்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கே தருகிறார்கள். எந்தத் தள்ளுபடி அங்காடியும் அந்த விலைக்கு வர முடியாது.

கோட்டையூர் சமையல்காரர்

மளிகைக்கார அண்ணன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுவது சரியல்ல என்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் காலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம். வழக்கமாக உளுந்து தரும் கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றித் தள்ளுபடி அங்காடியில், அவர்கள் சொந்தப் பெயரில் பொதிந்து விற்கும் முழு வெள்ளை உளுந்தை, கிலோவுக்கு 30 ரூபாய் குறைவாக, வாங்கி வரச் சொன்னேன். நம்பிக்கை இல்லாமல்தான் ஊறப்போட்டேன். வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு உங்களுக்குத் தெரியும்: உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேல் கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவுதான். உளுந்து பழையதாக இருந்தால் அந்தக் கோபுரம் போதாது. மாவு பொங்காது, பணியாரம் எண்ணெயைக் குடித்துத் தட்டையாகிவிடும். அன்று முதல் கரண்டி மாவைக் காய்ந்த எண்ணெயில் ஊற்றினேன். அடியில் போன மாவு மூன்று நொடியில் பூரி போல எழும்பி வந்து, நடுவில் பஞ்சாகவும் ஓரம் மொறுமொறுப்பாகவும், ஒரு சொட்டுச் சிவப்புக்கூட ஏறாமல் நின்றது. அத்தனை வெள்ளையான பணியாரத்தை நான் போட்டு வெகு காலம் ஆகிவிட்டது. பெண்ணின் அம்மான், “உளுந்து எங்கே வாங்கியது?” என்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன், அவர் நம்பவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். உளுந்து, சீனி, ரவை, துவரம்பருப்பு ஆகியவற்றை அந்த அங்காடிகள் நேராக மொத்தமாக எடுக்கின்றன. ஒரு பொருளில் பத்து வகை வைக்காமல் இரண்டு மூன்று வகைதான் வைக்கின்றன. வந்த மூட்டை ஒரு வாரத்தில் கரைந்துவிடுகிறது. அதனால் விலையும் குறைகிறது, சரக்கும் புதிதாக இருக்கிறது. கல்பாசியும் மராட்டி மொக்கும் அப்படி ஓடுவதில்லை. கண்ணாடித்தாள் பையில், விளக்கு வெளிச்சத்தில், மாதக்கணக்காகத் தொங்குகின்றன. வாசனைச் சாமானின் உயிர் அதிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது போய்விடும், உடைந்த துண்டுகளிலிருந்து இன்னும் விரைவாகப் போய்விடும். ஆகவே ஒரே அங்காடியில் எனக்கு நல்ல உளுந்து கிடைத்ததும் அந்தத் தங்கச்சிக்கு உயிரற்ற கல்பாசி கிடைத்ததும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. நான் இப்போது பருப்பு வகைகளை அங்கே வாங்குகிறேன். வாசனைச் சாமான்களையும் இராமநாதபுரம் முண்டு மிளகாயையும் தகர டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கவிடும் கடையில் மட்டுமே வாங்குகிறேன்.

ரேஷன் துவரம்பருப்பைப் பற்றி அண்ணன் சொன்னதில் மறுப்பு இல்லை. ஆனால் அது குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. கல்யாண வீட்டுக்கு அதை வைத்துச் சாம்பார் வைக்க முடியுமா?

புதுவயல் கணக்கர்

சமையல்காரர் அண்ணன் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். 26 கிலோ மூட்டையைப் பற்றி இன்னும் ஒன்று. இரண்டே பேர் உள்ள வீட்டில் அதைத் தீர்க்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். கோடையில் வண்டு விழுந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் பக்கத்து வீட்டாரோடு பிரித்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் மூன்று வீடுகள் இப்போது அப்படித்தான் வாங்குகின்றன.

பள்ளத்தூர் மகள்

எல்லாரும் எழுதியதைப் படித்த பிறகு, சென்னைக்கு எடுத்து வந்து பிரிக்காமல் வைத்திருந்த இரண்டாவது பொட்டலத்தை நேற்று இரவு ஒரு தாம்பாளத்தில் கொட்டி, வகைவகையாகப் பிரித்து, சமையலறைத் தராசில் நிறுத்தேன். பட்டை 58 கிராம்; அதுவும் தடித்த மரப்பட்டை. அன்னாசிப்பூ 19 கிராம், பெரும்பாலும் விதையில்லாத உடைந்த இதழ்கள். பிரிஞ்சி இலை 11, கிராம்பு 6, மராட்டி மொக்கு 4, கல்பாசி 2. கல்பாசி எடையில்லாத பொருள்தான் என்றாலும், அந்த இரண்டு கிராமில் பாதி தூள். இருப்பதிலேயே விலை குறைந்த பட்டையால் பையை நிரப்பிவிட்டு, பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியை சொன்னபடி தேதியையும் பார்த்தேன். பொதிந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. “காலாவதி ஆகவில்லை” என்ற அளவில் அது சட்டப்படி சரியான சரக்கு.

இன்று காலை ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். அப்பத்தாவிடம், அன்றைய குழம்புக்குச் சாமான் வாங்கியவள் நான், அண்ணமிண்டி மேல் பிழையில்லை என்று சொன்னேன். அப்பத்தா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவள் வைத்த குழம்பு எனக்குத் தெரியாதா? யார் வாங்கின சாமான் என்றுதான் கேட்க நினைத்தேன்” என்றார்.