ரிங்லெட் குளிருக்குச் சூடாகக் கலக்க ரம்மா, பிராந்தியா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கேமரன் மலை, ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கோம். தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி மழை விட்டிருந்தா, வாசல்ல நெருப்பு மூட்டி சொந்தபந்தம் எல்லாம் உட்காருவோம். பெரியவங்களுக்கு இந்தத் தடவை சூடா ஏதாவது கலந்து கொடுக்கணும்னு ரொம்ப ஆசை.

மாமாகிட்ட வி.எஸ்.ஓ.பி. கோன்யாக், அதாவது பிரான்ஸ் நாட்டு உசத்தி பிராந்தி, இருக்கு. அதுல சேர்ந்த சரக்கு எல்லாமே குறைஞ்சது 4 வருஷம் ஓக் பீப்பாய்ல கிடந்தது. அதுல தேனும் எலுமிச்சையும் சுடுதண்ணியும் ஊத்த எனக்கு மனசு வரல. அந்த மணத்துக்காகவே அதைத் தனியா குடிக்கணும். கலக்கறதுக்குக் கருப்பு ரம் வாங்கலாமா, சாதா பிராந்தியே போதுமா? ரம் கரும்புப் பாகுலேர்ந்து வர்றதால குலா மெலாக்காவோட (தென்னை வெல்லம்) நல்லா சேரும்னு தோணுது. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிச்சிடும், அதனால பட்டை கிராம்புத் தண்ணியைத் தனியா கொதிக்க வெச்சு, சூடு கொஞ்சம் தணிஞ்சதும்தான் ரம்மை ஊத்தப் போறேன். பட்டை கசக்காம இருக்க எவ்வளவு நேரம் கொதிக்கணும்?

அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடறார், அவருக்குச் சுக்கு மல்லி காப்பிதான். பத்து பேருக்குச் சுக்கும் மல்லியும் என்ன அளவு? கை அளவா சொன்னாலும் சரி.

இன்னொண்ணு, குடிச்சா கதகதன்னு இருந்தாலும் ரத்தம் தோலுக்கு ஏறி உடம்புச் சூடு வெளியேதான் போகும். தாத்தா பாட்டிக்குக் கம்பளி கட்டாயம். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, சனிக்கிழமை பசாருக்குப் போறேன்.