வேர்ட்பிரஸில் தமிழ்த் தளம் போட்ட டெல்டாக்காரர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மன்னார்குடி பக்கம்:

எங்கள் பெரியப்பா பாரம்பரிய நெல் போட்டு, அரிசியாக்கி விற்கிறார். அவருக்காகத்தான், இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸைப் பழகினேன். நிறுவுவது பெரிய வேலையே இல்லை. ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகை இடம்) எடுத்த நிறுவனத்தில் ஒரு பட்டனைத் தட்டினால், தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் உட்பட அதுவே போட்டுக்கொள்கிறது. தோற்றத்துக்கான தீம், கூடுதல் வசதிக்கான பிளகின் பற்றி யூடியூபில் வேண்டிய மட்டும் இருக்கிறது. தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் இணைய முகவரி என்ன பாடுபடும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

தலைப்பையே வேர்ட்பிரஸ் முகவரியாக ஆக்கிக்கொள்ளும். அதற்கு 200 குறிகள்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு குறி போதும். தமிழ் எழுத்து சதவீதக் குறிகள் கொண்ட கோவையாக மாறிவிடும், அதனால் 'க' ஒன்றுக்கே 9 குறிகள்; 'கு' என்றால் 18, உகரக் குறிக்கும் தனிக் கணக்கு. 'மாப்பிள்ளைச் சம்பா அரிசி' என்று எழுதினாலே சரியாக 200 தீர்ந்துவிடும். அதனால் இப்படியே தலைப்பு தொடங்கிய அரிசிக் கஞ்சி, அரிசிப் புட்டு, அரிசி இட்லி என மூன்று பதிவுக்கும் ஏறக்குறைய ஒரே முகவரி. கடைசியில் 2, 3 என்று எண் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியாக நாலு வரி ஓடும். "என்னடா இது, வைரஸா?" என்றார் பெரியப்பா.

வெளியிடும் முன்பே ஸ்லக் (முகவரியின் கடைசிப் பகுதி) கட்டத்தில் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக அடித்துவிடுங்கள். பிறகு மாற்றினாலும், பதிவு (போஸ்ட்) என்றால் பழைய முகவரிக்கு வருபவரை வேர்ட்பிரஸே புதியதற்குத் திருப்பிவிடும். பக்கத்துக்கு (பேஜ்) அந்த வசதி இல்லை. விலைப்பட்டியலைப் பக்கமாக வைத்திருப்பவர்கள் கவனம்.

கும்பகோணம்:

அண்ணே, முகவரியாவது பரவாயில்லை. நாச்சியார்கோயிலில் ஒரு குத்துவிளக்குப் பட்டறைக்குத் தளம் போட்டுக் கொடுத்தேன். அவர்களுடைய பட்டியல் டிடிபி கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தெரிகிற உருவம் மட்டும் தமிழ். சரி என்று என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்றும் மென்பொருளில் போட்டு, இணையத்தில் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றினேன். தமிழ் சுத்தமாக வந்தது. ஆனால் எடைக்கு ஆங்கிலத்தில் 'கேஜி' (kg) என்று இருந்ததையும் பாமினி என்றே எடுத்துக்கொண்டதால், அந்த இடமெல்லாம் 'மப' ஆகிவிட்டது! விளக்கை எடை போட்டு விற்கிற தொழில், பட்டியல் முழுக்க மப. ஆங்கிலச் சொற்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுவதுதான் வழி.

தஞ்சாவூர்:

புதிதாகப் பழகுபவர்கள் சொந்தக் கணினியிலேயே ஸாம்ப் (XAMPP, கணினியையே சர்வராக்கும் மென்பொருள்) போட்டுப் பார்க்கலாம், நெட் இல்லாவிட்டாலும் ஓடும். அப்புறம் ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோகும்போது கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. சொந்தக் கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரி டேட்டாபேஸுக்குள் பல இடங்களில் பதிந்திருக்கும். அதைச் சாதாரண எடிட்டரில் தேடி மாற்றாதீர்கள். சில அமைப்புகள் எழுத்து எண்ணிக்கையோடு சேமிக்கப்பட்டிருக்கும், முகவரியின் நீளம் மாறினால் அவை படிக்கவே வராது. இந்த வேலைக்கென்றே இலவச பிளகின்கள் இருக்கின்றன.