கணினி எதிராளி ஏமாற்றுகிறதா, நாம்தான் மெதுவாக ஆடுகிறோமா?

வெண்ணாறு (மன்னார்குடி):

அனைவருக்கும் வணக்கம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் ஆட்டத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனை ஆடி வருகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைய இணைப்பு நிலையாக இருப்பதில்லை என்பதால், மனிதர்களை விட்டுவிட்டுக் கணினியோடு மட்டுமே மோதுகிறேன். நடுத்தரக் கடினமான மாடரேட் நிலையில் எந்த நாட்டை எடுத்தாலும் வெற்றி கிடைத்துவிடுகிறது. அதைவிடக் கடினமான ஹார்ட் நிலைக்கு மாறினாலோ, ஆட்டத்தின் மூன்றாம் காலகட்டமான காசில் ஏஜை நான் எட்டுவதற்குள் எதிராளியின் குதிரைப்படை என் விறகுவெட்டிகளின் நடுவே வந்து நிற்கிறது. தஞ்சைக்காரன் என்ற பாசத்தில் பெரும்பாலும் அதிலுள்ள திராவிடர்கள் என்ற நாட்டையே தேர்ந்தெடுக்கிறேன். கணினிக்கு மறைவாகக் கூடுதல் வளம் கொடுக்கப்படுகிறதா? இல்லையென்றால் ஹார்ட் நிலையில் எதை மாற்றி ஆட வேண்டும்?

அரசலாறு (கும்பகோணம்):

தம்பி, 1999இல் வெளிவந்த மூல ஆட்டத்தின் ஹார்டஸ்ட் நிலையில் கணினிக்கு உணவும் மரமும் பொன்னும் கல்லும் உழைக்காமலேயே வந்து சேர்ந்தன என்பது உண்மை. இந்தச் சந்தேகம் அன்று கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. நீங்கள் ஆடும் பதிப்பில் வழக்கமாக எதிரே வரும் கணினிக்கு அப்படிப்பட்ட சலுகை இல்லை. எதிராளியின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அந்தப் பழைய ஆட்டத்தின் கணினி எதிராளியான சிடி ஏஐ இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வளம் சேர்க்கும் வேலையாளான ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவும் 25 நொடியும் ஆகும். வேவு பார்க்கும் குதிரைவீரனான ஸ்கவுட்டை வைத்துக்கொண்டு எதிரியின் ஆட்டைத் துரத்துவதில் நீங்கள் மூழ்கியிருக்கும் ஒரு நிமிடம் வில்லேஜர்களை உருவாக்கும் டவுன் சென்டர் சும்மா கிடந்தால், இரண்டு வில்லேஜர்களுக்கு மேல் போய்விடுகிறார்கள். அவர்கள் சேர்த்திருக்க வேண்டிய மரமும் உணவும், அதைக்கொண்டு பிறந்திருக்க வேண்டிய அடுத்த வில்லேஜர்களும் சேர்ந்தே போகிறார்கள். நாற்றங்காலில் பத்து நாள் பிந்தியவர் அந்தப் பத்து நாளை அறுவடையில் தேடிப் பிடிக்க முடியாது அல்லவா? ஹார்ட் நிலைக் கணினி அந்த வரிசையை அநேகமாக நிறுத்துவதே இல்லை. ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிவிவரப் பக்கத்தில் டைம்லைனைத் திறந்து பாருங்கள். படை வருவதற்கு வெகு முன்பே எங்கே பின்தங்கினீர்கள் என்பது தெரிந்துவிடும்.

திராவிடர்களுக்கு நைட் குதிரைவீரர்கள் கிடையாது என்பதால், குதிரையைக் குதிரையால் தடுக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, ஈட்டி வீரர்களைக் கொண்டே தடுக்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறை அடுத்த ஏஜுக்குப் போகும்போதும் அவர்களுக்கு 200 மரம் இலவசமாகக் கிடைக்கிறது. ஈட்டி வீரர் ஒருவருக்கு 35 உணவும் 25 மரமும் செலவு. ஆக, இரண்டாம் காலகட்டமான ஃபியூடல் ஏஜில் நுழைந்ததும் கைக்கு வரும் அந்த 200 மரம் எட்டு ஈட்டி வீரர்களுக்குப் போதும். உணவை மட்டும் நீங்கள் தயாராக வைத்திருந்தால் விறகுவெட்டிகள் பிழைப்பார்கள்.

குடமுருட்டி (திருவையாறு):

அரசலாறு அண்ணன் சொன்ன கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கணினியோடு மட்டுமே ஆடுவதில் ஒரு கெடுதல் இருக்கிறது என்பேன். அது பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து திரும்பத் திரும்பப் படை அனுப்பும். அங்கே ஒரு கோட்டையைக் கட்டிவிட்டால் வந்து வந்து மடியும். அப்படிப் பெற்ற வெற்றியை நான் வெற்றியாகக் கணக்கில் வைப்பதில்லை, ஏனென்றால் எதிரியின் ஓட்டையைக் கற்றுக்கொண்டோமே தவிர ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளவில்லை.

வேகம் வேண்டாம், யோசிக்க நேரம் வேண்டும் என்றால் தி பேட்டில் ஃபார் வெஸ்நாத் ஆடிப் பாருங்கள். 2003 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அரசு கொடுத்த என் பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடுகிறது. முறை வைத்து ஆடுவது, ஒவ்வொரு முறையும் தானாகவே சேமிக்கப்படுகிறது என்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் கவலையில்லை. அதில் பல மனிதப் படைகள் பகலில் 25 சதவீதம் கூடுதலாகத் தாக்கும், இரவில் அதே அளவு குறைவாகத் தாக்கும்; அரக்கர் போன்ற ஆர்க்குகளுக்கு இது தலைகீழ். பொறுத்திருக்க வேண்டிய பகல் வேளையிலும் கணினி தன் ஆர்க்குகளைத் திறந்த வெளியில் தள்ளிவிடுகிறது. ஓட்டை அங்கும் உண்டு என்று சிரிப்பீர்கள். ஆனால் அதைப் பயன்படுத்த நிலத்தையும் நேரத்தையும் நீங்கள் படித்தாக வேண்டும்.

அரசலாறு (கும்பகோணம்):

தங்கை சொல்வதைப் பாதி ஏற்கிறேன். ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் போர்க்கலைதான். அதே ஓட்டையில் ஆண்டுக்கணக்காகக் குந்தியிருப்பதுதான் தவறு. உண்மையில் சலுகை பெறும் கணினியைப் பார்க்க விரும்பினால் சிவிலைசேஷன் 6 இருக்கிறது. பிரின்ஸ் நிலையில் இருவரும் ஏறக்குறைய சமம். உச்சமான டெய்டி நிலையிலோ, நம்மிடம் நகரம் நிறுவும் குடியேறி ஒருவர் இருக்கும்போது கணினி மூன்று குடியேறிகளோடு தொடங்குகிறது. அதை யாரும் மறைக்கவில்லை, ஆகவே ஏமாற்று என்றும் சொல்ல முடியாது.

வெண்ணாறு (மன்னார்குடி):

இருவருக்கும் நன்றி. எதிராளி டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு உரியதுதான் என்று உறுதி செய்துகொண்டேன். எங்கே இருந்தாலும் ஹெச் விசையைத் தட்டி டவுன் சென்டருக்குத் திரும்புவது பழகிவிட்டது; அரேபியா மேப்பில் முதல் குதிரைத் தாக்குதலை ஈட்டி வீரர்கள் விறகுக் கிடங்கின் அருகிலேயே முடித்துவிட்டார்கள். முழு ஆட்டத்தை இன்னும் வெல்லவில்லை. திராவிடர்கள் கடலில் வலுவானவர்கள் என்பதால் தீவு மேப்புக்கு மாறினால் எளிதாகுமா?

அரசலாறு (கும்பகோணம்):

ஓரளவு எளிதாகும். என் அனுபவத்தில் கணினி நிலத்தைவிடக் கடலில் தடுமாறுகிறது, உங்கள் மீன்பிடிக் கப்பல்களும் மற்றவர்களுடையதைவிட 15 உணவு அதிகம் சுமக்கும். ஆனால் ஒரு மீன்பிடிக் கப்பலுக்கு 75 மரம் ஆகிறது. எதிரியின் முதல் போர்க்கப்பல்கள் வந்து அவற்றை மூழ்கடித்தால், உணவுக்காகப் பண்ணைக்கு 60 மரம் வீதம் மறுபடி கொட்ட வேண்டியிருக்கும். ஃபியூடல் ஏஜில் அந்த 200 மரம் கிடைத்தவுடன், இம்முறை ஈட்டியை மறந்துவிட்டுத் துறைமுகத்தில் போர்க்கப்பல் கட்டுங்கள்.